முள்ளெலி எச்சத்தில் என்ன புழு? அறிகுறி வாரியாகப் பார்க்கும் வழி

பிரிட்டனில் வீட்டுத் தோட்டங்களிலும் வேலியோரங்களிலும் திரியும் ஐரோப்பிய முள்ளெலிக்காக எழுதியது இது. மீட்பு மையத்தில் தன்னார்வலராக மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காருகிறவருக்குப் பயன்படும். தமிழ்நாட்டுத் தென்மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் இருக்கும் முள்ளெலி வேறு இனம். இந்தக் குறிப்பில் உள்ள அளவுகளையும் மருந்துப் பெயர்களையும் அதற்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

நத்தையும் மண்புழுவும் வண்டும் தின்று வாழ்கிற விலங்கின் எச்சத்தில் புழு இருப்பது அதிசயமே இல்லை. எந்தப் புழு, எவ்வளவு, விலங்கு படும் பாட்டுக்கும் அதற்கும் பொருத்தம் உண்டா என்பதுதான் கேள்வி. தவறான அடையாளம் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் வருகிறது: எச்சம் பழையது, அல்லது பார்த்ததை யாரும் அளக்கவில்லை.

மைக்ரோஸ்கோப்பைத் தொடும் முன்

இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்லைடு பிறகு, கால்நடை மருத்துவர் முதலில்:

- வாயைத் திறந்து மூச்சு வாங்குதல்
- எச்சத்தில் இரத்தம்
- தள்ளாட்டம், தொட்டால் வயிறு சில்லென்று இருத்தல்
- உடம்பில் ஈ முட்டை அல்லது ஈப்புழு
- பட்டப்பகலில் வெட்டவெளியில் படுத்துக் கிடத்தல்

கையுறை போட்டு எடுத்து, உயரமான அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து வையுங்கள். துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பையை ஒரு பக்கம் மட்டும் வைத்தால் போதும். சூடு அதிகமானால் விலங்கு நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். உடம்பு சூடேறும் வரை தீனி வேண்டாம். பால் எப்போதுமே வேண்டாம். பக்கத்தில் யார் முள்ளெலி எடுக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் பிரிட்டிஷ் ஹெட்ஜ்ஹாக் பிரிசர்வேஷன் சொசைட்டியைக் கேளுங்கள். நோயுற்ற முள்ளெலியை எடுத்துப் பராமரித்துத் திரும்ப விடுவதற்கு பிரிட்டனின் 1981 வனவிலங்குச் சட்டத்தில் இடம் உண்டு.

மாதிரி சரியாக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்

இரவில் கூண்டுத் தரையில் வெள்ளைக் கிச்சன் பேப்பர் விரியுங்கள். காலையில் கிடைப்பதில் தரையை ஒட்டாத பகுதியை மட்டும் மூடி திருகும் சின்ன டப்பாவில் எடுங்கள். தோட்டத்துப் புல்லிலிருந்து பொறுக்கியது ஆகாது. மண்ணில் சும்மா வாழும் உருளைப்புழுக்கள் சில மணி நேரத்தில் அதில் ஏறிவிடும். 12 மணி நேரத்துக்குள் பார்க்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரீசரில் வைத்தால் முட்டையும் லார்வாவும் சிதைந்துவிடும். ஃபார்மலின் ஊற்றினால் லார்வா செத்துவிடும், நெளிவதைப் பார்க்க முடியாது.

ஸ்லைடு போடும் முறை: அரிசி மணி அளவு எச்சம், ஒரு சொட்டுத் தண்ணீர் அல்லது 0.85 சதவீத உப்புநீர். பல்குத்தும் குச்சியால் குழைத்து, வண்டுக் கால்களையும் இறக்கைகளையும் ஒதுக்கிவிட்டு, கவர்ஸ்லிப்பை (மேலே மூடும் மெல்லிய கண்ணாடி) சாய்த்து இறக்குங்கள். ஸ்லைடுக்கு அடியில் செய்தித்தாள் வைத்தால் எழுத்து படிக்க வர வேண்டும். வரவில்லையென்றால் கலவை தடிமன், மறுபடி போடுங்கள். எச்சத்தின் ஒரே இடத்தில் எடுக்காமல் நடு, ஓரம், சளி ஒட்டிய பகுதி என்று மூன்று இடத்தில் எடுத்து மூன்று ஸ்லைடு போடுவது நல்லது.

அளவுக்கு, ஐபீஸுக்குள் (கண் வைக்கும் வில்லை) போடும் அளவுகோல் ஒன்று வாங்கிப் போடுங்கள். 10 மில்லிமீட்டரை 100 ஆகப் பிரித்த வகை என்றால், 10 மடங்கு ஆப்ஜெக்டிவில் (ஸ்லைடுக்கு மேல் இருக்கும் வில்லை) ஒரு கோடு ஏறத்தாழ 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 40 மடங்கில் ஏறத்தாழ 2.5 மைக்ரான். உங்கள் மைக்ரோஸ்கோப்பில் அது சரியா என்று அளவுகோல் ஸ்லைடை வைத்து ஒருமுறை சரிபார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சின்னக் கண்ணாடி வில்லை இல்லாமல் முட்டைக்குப் பெயர் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

கையுறையைக் கழற்றிய பிறகும் கை கழுவுங்கள். முள்ளெலியிடமிருந்து சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவும் ட்ரைக்கோஃபைட்டான் எரினேசி என்ற படர்தாமரைப் பூஞ்சையும் மனிதருக்குத் தொற்றும். எச்சம் பார்க்கும் மேசையில் டீக்கோப்பைக்கு இடமில்லை.

அறிகுறி 1: இருமல், கரகரப்பு, மூக்கில் சளி

*தொட்டால் மட்டும் புஸ் புஸ் என்கிறது.* அது நோயல்ல, மிரட்டல். பெட்டியை மூடி, அடங்கித் தூங்கிய பிறகு காது கொடுத்துக் கேளுங்கள். தூக்கத்திலும் மூச்சில் கரகரப்போ 'டிக் டிக்' சத்தமோ வந்தால் கீழே தொடருங்கள்.

*படுக்கை தூசியாக இருக்கிறது.* மரத்தூள், தூசி பறக்கும் வைக்கோல் இரண்டையும் எடுத்துவிட்டுச் செய்தித்தாள் கிழித்துப் போடுங்கள். தும்மல் ஒரே நாளில் நின்றால் விஷயம் அவ்வளவுதான்.

*ஸ்லைடில் உயிருள்ள லார்வா.* கிரெனோசோமா ஸ்ட்ரையேட்டம் என்ற நுரையீரல் புழு முட்டையாக வராது. லார்வாவாகவே எச்சத்தில் வரும். நீளம் சுமார் 300 மைக்ரான், அதாவது 10 மடங்கு ஆப்ஜெக்டிவில் ஏறத்தாழ 30 கோடு. வால் கூர்மை. புதிய எச்சத்தில் துடிதுடிவென்று நெளியும். 4 மடங்கு ஆப்ஜெக்டிவிலேயே அசைவு கண்ணில் படும் என்பதால் முதல் சுற்றை அதில் ஓட்டுங்கள்.

*லார்வா இல்லை, இரண்டு முனையிலும் அடைப்புள்ள முட்டை இருக்கிறது.* கேப்பிலேரியா என்ற உருளைப்புழு. நுரையீரலில் வாழும் வகையும் உண்டு, குடலில் வாழும் வகையும் உண்டு. அறிகுறி 7 பாருங்கள். நுரையீரல் வகையின் முட்டை இருமலோடு தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, எச்சத்தில் இறங்குகிறது.

*எதுவுமே இல்லை, ஆனால் சத்தம் உண்டு.* லார்வா தினமும் ஒரே அளவில் வருவதில்லை. தொடர்ந்து மூன்று நாள் எச்சம் பாருங்கள். அதைவிட முக்கியம் குட்டியின் வயது. இந்தப் புழுவைச் சுமக்கும் நத்தையைத் தின்ற நாளிலிருந்து எச்சத்தில் லார்வா வர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். அதற்குள் நுரையீரலில் புழு வளர்ந்து இருமலும் வந்துவிடலாம், ஸ்லைடு சுத்தமாகவே இருக்கும். கோடை கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் வரும் குட்டிகளில் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்.

*மூன்று நாளும் சுத்தம், மூக்கில் கெட்டிச் சளி.* பாக்டீரியா நிமோனியாவாக இருக்கலாம். போர்டெடெல்லா என்ற பாக்டீரியா முள்ளெலியில் வழக்கமாகக் காணப்படும் ஒன்று. புழுவோடு சேர்ந்தும் வரும். இங்கே ஸ்லைடின் வேலை முடிந்தது. எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் மருத்துவர் கையில்.

நுரையீரல் புழு உறுதியானாலும் மருந்து மருத்துவர் கணக்குப்படிதான். வழக்கமாகத் தேர்ந்தெடுக்கப்படும் லெவாமிசோலில் சரியான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. 400 கிராம் விலங்குக்கு நாய் மாத்திரையை நசுக்கிப் பங்கு போடுவது விஷப்பரீட்சை. இன்னொன்று: புழு நிறைய இருக்கும்போது ஒரேயடியாகச் செத்தால் அந்தப் பிணங்களே மூச்சுக்குழாயை அடைக்கும். அதனால்தான் முதலில் நீர்ச்சத்தை ஏற்றி, சளி இளக்கியும் வீக்க மருந்தும் சேர்த்து, பிறகு புழுவைத் தொடுகிறார்கள்.

அறிகுறி 2: கழிச்சல், பச்சைச் சளி, இரத்தம்

ஆரோக்கியமான எச்சம் கறுப்பு, உருண்டு நீண்டது, வண்டு ஓடு மினுங்கும். பூனைத் தீனிக்கு மாறியதும் பழுப்பாகி இளகும். அது இயல்பு, இரண்டு மூன்று நாளில் கெட்டிப்படும்.

*யாரோ பால் வைத்திருக்கிறார்கள்.* நிறுத்துங்கள். கொண்டுவந்தவரிடம் மறக்காமல் கேளுங்கள். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

*பச்சை, வழவழப்பு, நாற்றம்.* குடல் அழற்சி என்பதற்குமேல் இந்த நிறம் எதையும் சொல்லாது. பச்சையைப் பார்த்ததுமே இன்ன புழு என்று முடிவு கட்டாதீர்கள். நேரடி ஸ்லைடும், பிறகு உப்பு மிதவையும் போடுங்கள்.

மிதவைக்கு: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் சுமார் 400 கிராம் உப்பு, அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்கும் வரை. 2 கிராம் எச்சத்தை 30 மில்லியில் கரைத்து டீ வடிகட்டியில் வடித்து, சோதனைக் குழாயில் விளிம்புக்குமேல் சற்றே உப்பி நிற்கும்படி ஊற்றி, மேலே கவர்ஸ்லிப் வையுங்கள். 15 நிமிடம் கழித்து நேர்மேலே தூக்கி ஸ்லைடில் வைத்து உடனே பாருங்கள். தாமதித்தால் உப்பு பூக்கும், முட்டை சுருங்கும்.

*மிதவையில் உருண்டை, 20 மைக்ரான் அளவு, உள்ளே ஒரு பந்து.* காக்சிடியா. புழு அல்ல, ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, மருந்தும் வேறு. ஒன்றிரண்டு இருந்தால் குறித்து வையுங்கள். புலத்துக்குப் புலம் (புலம் என்பது ஐபீஸில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டம்) நிறைந்து, கழிச்சலும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். 10 மடங்கில் தூசி மாதிரி தெரிந்து ஏமாற்றும். 40 மடங்குக்குப் போகாமல் "காக்சிடியா இல்லை" என்று எழுதாதீர்கள்.

*இரத்தம், எடை வேகமாக இறங்குகிறது, பகலிலும் நிலைகொள்ளாமல் ஓடுகிறது.* பிராக்கிலீமஸ் எரினேசி என்ற குடல் தட்டைப்புழுவைச் சந்தேகிக்கும் இடம் இது. இதன் இளம் பருவம் நத்தைக்குள் தங்கி, நத்தையைத் தின்னும்போது முள்ளெலிக்கு வரும். எல்லா வட்டாரத்திலும் இருக்காது. இருக்கும் வட்டாரத்தில் அடுத்தடுத்து வரும். இதன் முட்டை கனமானது, உப்பு மிதவையில் மேலே வராது. மிதவை மட்டும் போட்டு "தட்டைப்புழு இல்லை" என்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை.

தெளிய வைக்கும் முறைதான் வேண்டும்: 2 கிராம் எச்சத்தை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வடித்து, உயரமான கண்ணாடியில் 15 நிமிடம் அசையாமல் வையுங்கள். மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு மறுபடி நிரப்புங்கள். மேல் தண்ணீர் தெளிவாகும் வரை இப்படிச் செய்து, அடி வண்டலில் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விடுங்கள். குப்பை நீலமாகும், முட்டை மஞ்சள் கலந்த பழுப்பாகவே நிற்கும். நீளம் 30 மைக்ரானுக்குச் சற்று மேல், 40 மடங்கு ஆப்ஜெக்டிவில் ஏறத்தாழ 13 கோடு. ஒரு முனையில் மூடி, இரண்டு பக்கமும் சமமாக இல்லாத வடிவம்.

ஆனால் இரத்தம் வரும் விலங்கை வைத்துக்கொண்டு இந்த மணிக்கணக்கான வேலையைத் தொடங்க வேண்டாம். மாதிரியை எடுத்துவிட்டு விலங்கை அனுப்புங்கள். பிராசிகுவாண்டெல் என்ற மருந்தைக் கொடுப்பதா என்று அங்கே முடிவு செய்வார்கள்.

*எல்லாம் சுத்தம், கழிச்சல் நிற்கவில்லை.* சால்மொனெல்லாவுக்கு ஆய்வகக் கல்ச்சர். தனிக்கூண்டு, தனிப் பாத்திரம், தனிக் கையுறை.

அறிகுறி 3: தின்கிறது, எடை ஏறவில்லை

முதலில் தராசைச் சந்தேகியுங்கள். தினமும் ஒரே நேரம், தீனிக்கு முன், ஒரே டப்பாவில் வைத்து எடை பாருங்கள். நன்றாகத் தின்னும் குட்டி நாளுக்கு 10 கிராமாவது ஏற வேண்டும்.

பிறகு தீனி. வைத்ததைத் தின்றதா, மிதித்துக் கலைத்ததா? வைக்கும்போதும் எடுக்கும்போதும் கிண்ணத்தை எடை போட்டால் தெரிந்துவிடும். வயதான விலங்கென்றால் பல்லைப் பார்க்க மருத்துவரிடம் போக வேண்டும். மயக்கம் கொடுக்காமல் முள்ளெலி வாயைத் திறக்காது.

புழு என்றால் குடல் கேப்பிலேரியாதான் முதல் சந்தேகம். அரிதாக முள்தலைப் புழு: அதன் முட்டை நீள்வட்டம், பல அடுக்குத் தடித்த ஓடு, உள்ளே ஒரு முனையில் நுண்ணிய கொக்கிகள். அந்தப் புழு கொக்கித் தலையைக் குடல் சுவரில் செருகி வாழ்கிறது, குடலைத் துளைப்பதும் உண்டு. நம்பி எடுக்கும்படியான மருந்து இல்லை. பார்த்தால் படம் எடுத்து அனுப்புங்கள், வீட்டிலிருந்து எதுவும் முயல வேண்டாம்.

அறிகுறி 4: வெறும் கண்ணுக்கே வெள்ளையாக ஏதோ தெரிகிறது

ஓட்ஸ், சோறு, பறவைத் தீனியிலிருந்து வந்த கொழுப்பு: விரலிடையில் நசுங்கும். ஈப்புழு: ஒரு முனை கூர், மறுமுனை தட்டை, தவழும். எச்சம் பழையது என்பதற்கு அது சாட்சி. விலங்கின் உடம்பிலும் இருக்கிறதா என்று காது, கண், ஆசனவாய்ப் பக்கம் உடனே பாருங்கள்.

நாடாப்புழுத் துண்டு தட்டை, நீளத்தைவிட அகலம் அதிகம், ஈரமாக இருக்கும்போது மெல்லச் சுருங்கி விரியும். ஸ்லைடில் வைத்து நசுக்கினால் வட்ட முட்டைகள் கொட்டும். ஒவ்வொன்றிலும் ஆறு கொக்கி. ரோடென்டோலெப்பிஸ் எரினேசி, வண்டு வழியாக வருவது. பார்க்கப் பயமாக இருக்கும், கெடுதல் குறைவு. எடையும் எச்சமும் நன்றாக இருந்தால் அவசரம் எதுவும் இல்லை.

அறிகுறி 5: ஸ்லைடில் ஒன்றுமே தெரியவில்லை

*வெளிச்சம் கொட்டுகிறது.* கன்டென்சர் ஐரிஸை (மேடைக்கு அடியில் வெளிச்சத்தைக் குறைக்கும் துவாரம்) முக்கால்வாசி மூடுங்கள். நிறமில்லாத லார்வா அதிக வெளிச்சத்தில் மறைந்துபோகும். புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் முதல் தடை.

*ஃபோகஸ் வேறு தளத்தில்.* கவர்ஸ்லிப்பின் விளிம்பையோ ஒரு காற்றுக்குமிழியையோ பிடித்து ஃபோகஸ் செய்து அங்கிருந்து உள்ளே நகருங்கள்.

*எங்கே நகர்த்தினாலும் கூடவே வரும் புள்ளி.* ஐபீஸைத் திருகுங்கள். புள்ளியும் சுற்றினால் அது ஐபீஸ் தூசி.

*எல்லாம் சரி.* மூலையிலிருந்து மூலைக்கு, உழவுசால் போல வரிவரியாக முழு ஸ்லைடையும் ஓட்டினீர்களா? லார்வாதான் சந்தேகம் என்றால் இரவு ஊறல் வையுங்கள்: எச்சத்தைக் காஸ் துணியில் பொட்டலம் கட்டி, அடி கூம்பிய கிளாஸில் வெதுவெதுப்பான தண்ணீரில் தொங்கவிடுங்கள். லார்வா நீந்தி வெளியேறி அடியில் சேரும். காலையில் பிப்பெட்டை அடிவரை இறக்கி, ஒரு மில்லி எடுத்துப் பாருங்கள்.

அறிகுறி 6: நெளிகிறது, ஆனால் நுரையீரல் புழுதானா?

ஒரே ஸ்லைடில் பெரிதும் சிறிதுமாகப் பல அளவில் இருந்தால் மண்ணில் சும்மா வாழும் உருளைப்புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். கிரெனோசோமா லார்வா எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். வயிற்றுக்குள் முட்டை சுமக்கும் பெண் புழு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது மண்ணில் வாழ்வது. இன்னொரு அடையாளம் தொண்டைக்குழாய்: மண்ணில் வாழும் உருளைப்புழுவில் அதன் கடைசியில் ஒரு குமிழும் அதற்குள் அடித்துக்கொள்ளும் வால்வும் 40 மடங்கில் தெரியும். துள்ளுவதால் பார்க்க முடியாவிட்டால் ஸ்லைடின் ஓரத்தில் ஒரு சொட்டு லூகால் அயோடின் விடுங்கள். அடங்கிவிடும், நிறமும் ஏறும்.

அசையாத, கண்ணாடி போன்ற, உள்ளே எதுவும் இல்லாத கூர்நுனிக் குச்சி தாவர முடி. எஸ் வடிவில் வளைந்த பொன்னிறக் குச்சி, தின்ற மண்புழுவின் தோல் முள். எட்டுக் கால் தெரிந்தால், முள்ளெலி தன் உடம்பை நக்கும்போது விழுங்கிய சிற்றுண்ணி. அது தோல் நோய்க்கான துப்பு, எழுதி வையுங்கள்.

அறிகுறி 7: எலுமிச்சை வடிவ முட்டை

இங்கே அளவுகோல்தான் நடுவர்.

60 முதல் 70 மைக்ரான் நீளம், 40 மடங்கில் 24 முதல் 28 கோடு, இரண்டு முனையிலும் தெளிவான அடைப்பு, உள்ளே மணல்மணலாக: கேப்பிலேரியா. நுரையீரல் வகையா குடல் வகையா என்று ஓட்டின் கோலத்தை வைத்துப் பிரிப்பது நிபுணருக்கே சிரமம். அதில் ஒரு மாலையைச் செலவழிக்காதீர்கள். சத்தம் மூச்சிலா, தொல்லை வயிற்றிலா என்பதே மருத்துவருக்கு அதிகம் உதவும்.

அதே வடிவம், ஆனால் 20 மைக்ரானைத் தாண்டவில்லை, கூட்டம் கூட்டமாக: மோனோசிஸ்டிஸ். மண்புழுவின் ஒட்டுண்ணி, முள்ளெலியின் வயிற்றைச் சும்மா கடந்து போவது. மருந்து வேண்டாம். அளக்காமல் இதைக் கேப்பிலேரியா என்று எழுதினால் தேவையில்லாத ஊசிகள் விழும்.

தடித்த கறுப்பு விளிம்போடு கச்சிதமான வட்டம் காற்றுக்குமிழி. மஞ்சள், முள்முள்ளாக என்றால் மகரந்தம்.

எண்ணிக்கையை எழுதும்போது "நிறைய" என்று எழுதாதீர்கள். முழு ஸ்லைடுக்கு எத்தனை என்று எழுதுங்கள். புலத்துக்குப் பல என்றால் பத்துப் புலம் எண்ணிச் சராசரி. நல்ல எடை, கெட்டி எச்சம், சத்தமில்லாத மூச்சு உள்ள விலங்கில் ஸ்லைடுக்கு ஒன்றிரண்டு கேப்பிலேரியா கிடைத்தால் ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான்.

அறிகுறி 8: மருந்து முடிந்தும் ஸ்லைடில் புழு

*சீக்கிரம் பார்த்துவிட்டீர்கள்.* செத்த, சிதைந்த லார்வா சில நாள் வந்துகொண்டிருக்கும். கடைசி மருந்துக்கு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்; அசைகிறதா என்பதே கணக்கு.

*கூண்டு வழியாக மறுபடி.* காகிதம் தினமும் மாறுகிறதா? வெளிக்கூண்டில் நத்தை நுழைகிறதா? புல்தரையில் வைத்துக்கொண்டு மருந்து கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர்.

*மருந்து அந்தப் புழுவுக்கானதல்ல.* லெவாமிசோல் தட்டைப்புழுவையும் நாடாப்புழுவையும் தொடாது. பிராசிகுவாண்டெல் நுரையீரல் புழுவைத் தொடாது. ஐவர்மெக்டினை மட்டும் நம்பி நுரையீரல் புழு வைத்தியம் செய்தால் பலமுறை ஏமாற்றம்தான்.

*எடை தப்பு.* வந்த நாள் எடைக்குக் கணக்கிட்ட அளவை 100 கிராம் ஏறிய பிறகும் அப்படியே தொடர்ந்திருக்கலாம்.

இவை நான்கும் இல்லையென்றால் இரண்டாவது சுற்றை நீங்களாகத் தொடங்காமல் மருத்துவரை அழையுங்கள். கையில் இருக்க வேண்டியவை: தினசரி எடைப் பட்டியல், மருந்து கொடுத்த தேதியும் அளவும், மருந்துக்கு முன்னும் பின்னும் ஸ்லைடு எண்ணிக்கை, அளவுகோல் கோடுகள் தெரியும்படி ஐபீஸ் வழியாக எடுத்த செல்போன் படம், அன்றைய எச்சம் ஒரு டப்பா.